பி.எஸ்சி. நர்சிங்: மகளுக்கு எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது?

சின்னாளபட்டியான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 300-க்கு 261 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். டாக்டர் சீட் கிடைக்காத ஏமாற்றத்தில் நர்சிங்குக்கு வருகிறவள் அல்ல. அவளுடைய பாட்டி அரசு மருத்துவமனையில் இருபது நாட்கள் படுத்திருந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள். அப்போதே இதைத்தான் படிப்பேன் என்று சொல்லிவிட்டாள். ஆகவே படிக்கலாமா வேண்டாமா என்ற பேச்சே வீட்டில் இல்லை. எங்கே படிப்பது என்பதில்தான் தினமும் வாக்குவாதம் நடக்கிறது.

எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது, எங்கள் ஊரிலிருந்து 18 கிலோமீட்டர் தொலைவில் பைபாஸ் ஓரமாக இருக்கும் ஒரு சுயநிதிக் கல்லூரி. கட்டடம் புதியது, வாசல் வரை பேருந்து வருகிறது, ஆண்டுக்கு 95,000 ரூபாய் என்கிறார்கள். சொந்த மருத்துவமனையில் 100 படுக்கைகள் உண்டு என்று விவரக் குறிப்பில் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டாவது, மதுரையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பழைய கல்லூரி. கட்டடத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடம் போல இருக்கிறது. விடுதியில் தங்கியே தீர வேண்டும். விடுதியோடு சேர்த்தால் ஆண்டுக்கு 1,60,000 வரை ஆகிவிடும். மூன்றாவது, பெங்களூரு. தெரிந்தவர் மூலமாக வந்த ஒருவர் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 3,60,000 ரூபாய், சாப்பாடு உட்பட, இந்த வாரமே 25,000 கட்டினால் இடம் உறுதி என்கிறார். நான்காவது, அரசுக் கலந்தாய்வு. அதில் அரசுக் கல்லூரி கிடைத்தால் நல்லதுதான்; ஆனால் எந்த ஊரில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, கிடைக்காமலும் போகலாம்.

என் மனைவிக்கு முதலாவதில் விருப்பம், ஏனென்றால் பெண் தினமும் வீடு திரும்பிவிடுவாள். மகள் மதுரை என்கிறாள். எனக்குத் தொழில் சேலை வியாபாரம். எது பட்டு, எது கலப்பு என்று விரலால் தடவியே சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு நர்சிங் கல்லூரியில் எதைத் தடவிப் பார்ப்பது என்று தெரியவில்லை. இத்துறையில் இருப்பவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். இன்னொன்று, சில ஆண்டுகள் கழித்து வெளிநாடு போகும் எண்ணமும் அவளுக்கு இருக்கிறது.


இரவுப்பணி எழுதுகிறார்:

ஐயா, நான் தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் 14 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். என் வார்டுக்கு மூன்று வெவ்வேறு கல்லூரிகளிலிருந்து மாணவிகள் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஏற்பட்ட எண்ணத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பட்டத்தைக் கல்லூரி தருவதில்லை, பல்கலைக்கழகம்தான் தருகிறது. கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த எந்தக் கல்லூரியில் படித்தாலும் வினாத்தாள் ஒன்றுதான், சான்றிதழும் ஒன்றுதான். பாடத்திட்டத்தை வகுத்திருப்பது இந்திய நர்சிங் கவுன்சில். 2021-22 முதல் அது எட்டுப் பருவங்களாக நடக்கிறது. படித்து முடித்தபின் சென்னையில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தால்தான் வேலை பார்க்க முடியும் என்பதும் எல்லோருக்கும் பொது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் பட்டம் அவர்களுடையதாக இருக்கும். கவுன்சில் பாடத்திட்டமும் பதிவும் அங்கேயும் அதேதான். அப்படியென்றால் ஒரு கல்லூரிக்கும் இன்னொரு கல்லூரிக்கும் வித்தியாசம் எதில்? மாணவிகளை எந்த மருத்துவமனைக்கு, எந்தெந்த வார்டுக்கு, எத்தனை மணி நேரம் அனுப்புகிறார்கள் என்பதில்தான்.

ஒரு சின்ன உதாரணம். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிப்போய் வந்த ஒரு முதியவருக்கு வென்ஃப்ளான், அதாவது குளுக்கோஸ் ஏற்றக் கையில் பொருத்தும் ஊசிக்குழாய், போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நரம்பே தெரியாது. ஒரு கல்லூரி மாணவி கையைத் தட்டித் தட்டிச் சிவக்க வைப்பாள், இரண்டு முறை குத்துவாள், பிறகு என்னைப் பார்ப்பாள். இன்னொரு கல்லூரி மாணவி பட்டையைக் கட்டிவிட்டுக் கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, பெரியவரிடம் ஊர் பேரைக் கேட்டுக்கொண்டே ஒரு நிமிடம் பொறுப்பாள், கண்ணை நம்பாமல் விரல் நுனியால் தேடுவாள். இரண்டு பேருக்கும் பாடப்புத்தகம் ஒன்றுதான். இரண்டாமவள் அதற்கு முன்னால் நூறு கைகளைத் தொட்டிருக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் என் ஆலோசனை, அரசுக் கல்லூரி எந்த ஊரில் கிடைத்தாலும் சேர்த்துவிடுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோடு ஒட்டிய நர்சிங் கல்லூரி என்றால் ஒரே நாளில் தீக்காயம், பாம்புக்கடி, தலைக்காயம், குறைமாதக் குழந்தை என எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். மதுரை, தேனி, சேலம், சென்னை எதுவானாலும் சரி. கட்டணமும் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு.


கலந்தாய்வு அண்ணன் எழுதுகிறார்:

என் தங்கைக்காகச் சமீபத்தில்தான் இந்தக் கலந்தாய்வில் ஓடியாடினேன் என்பதால் நடைமுறையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை போடுகிறார்கள். கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுதான் மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகள் அனைத்துக்கும் ஒரே விண்ணப்பமாக வாங்குகிறது. 69 விழுக்காடு இடஒதுக்கீடு இதற்கும் பொருந்தும். சுயநிதிக் கல்லூரிகளிலும் ஒரு பகுதி இடங்கள் அரசு ஒதுக்கீடாகக் கலந்தாய்வுக்கு வருகின்றன. ஆகவே நீங்கள் சொன்ன முதல் இரண்டு கல்லூரிகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அதே வகுப்பறையில், அதே பெஞ்சில், நிர்வாக ஒதுக்கீட்டை விடக் குறைந்த கட்டணத்தில் உங்கள் மகள் உட்காரலாம். நிர்வாக ஒதுக்கீட்டில் இப்போதே பணம் கட்டினால் இடம் என்று யாராவது அவசரப்படுத்தினால், கலந்தாய்வு முடியும் வரை பொறுக்க முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் முடியும்.

விருப்பப் பட்டியலை நிரப்பும்போது, இது நமக்குக் கிடைக்காது என்று நீங்களே கழித்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்தத் தவறு நடந்தது. கிடைக்குமா கிடைக்காதா என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். நீங்கள் உங்கள் ஆசையின் வரிசையில் அடுக்கினால் போதும். முந்தைய ஆண்டின் ஒதுக்கீட்டு விவரங்களில் உங்கள் மகளின் பிரிவில் எந்தத் தரவரிசை வரை எந்தக் கல்லூரி போனது என்பதைப் பார்த்தால் ஓரளவு கணிக்கலாம். புதிய இடங்களும் வந்துகொண்டிருக்கின்றன. 2014-க்குப் பின் தொடங்கிய மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி நாடு முழுவதும் 157 நர்சிங் கல்லூரிகள் அமைக்க 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 11. ஆகவே இந்த ஆண்டின் இடப்பட்டியலை மட்டுமே நம்புங்கள், பக்கத்து வீட்டுக்காரர் மூன்று ஆண்டுக்கு முன் சொன்னதை நம்ப வேண்டாம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால், தமிழ்நாட்டில் பட்டப்படிப்பில் சேரும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். கல்விக் கடன் 4,00,000 ரூபாய் வரை பொதுவாகப் பிணை கேட்காமல் தருகிறார்கள். அங்கீகாரக் கடிதமும் கட்டண விவரமும் கல்லூரி எழுத்தில் தந்தால்தான் வங்கி கோப்பையே திறக்கும்.


பாடவேளை எழுதுகிறார்:

நான் பதினோரு ஆண்டுகள் நர்சிங் கல்லூரிகளில் பாடம் நடத்தியவள், அதில் ஏழு ஆண்டுகள் சுயநிதிக் கல்லூரிகளில். இரவுப்பணி அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முடிவை அப்படியே ஏற்க முடியவில்லை.

பெரிய மருத்துவமனையில் நோயாளிகள் கடலாக இருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரு மாணவி அந்தக் கடலில் நீந்தக் கற்கிறாளா, அல்லது வேலை செய்ய ஆள் போதாத இடத்தில் ஒரு கூடுதல் கையாக மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறாளா என்பது அவளோடு ஆசிரியை இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. நாற்பது படுக்கை வார்டில் காலை ஊசி நேரத்தில், ‘ஏன் இந்த மருந்தை மெதுவாகச் செலுத்த வேண்டும்’ என்று நின்று சொல்லித்தர யாருக்கு நேரம் இருக்கிறது? செய்யத் தெரியும், ஏன் செய்கிறோம் என்று தெரியாது என்ற நிலையில் வெளியே வரும் மாணவிகளையும் நான் நேர்முகத் தேர்வுகளில் பார்த்திருக்கிறேன். அதற்கு மாறாக, நடுத்தர அளவுள்ள, நெடுங்காலமாகச் செவிலியர் கல்வியைத் தன் உயிராக நினைத்து நடத்தும் மருத்துவமனைகள் இந்த மாநிலத்தில் உண்டு. இளநிலைப் பட்டப்படிப்பை 1946-லேயே தொடங்கிய வேலூர் சி.எம்.சி. இதற்குப் பெரிய உதாரணம். அதற்குத் தனி விண்ணப்பம், கடும் போட்டி என்பதை மறக்கவில்லை; ஆனால் அந்த வழியில் வந்த சிறிய நிறுவனங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. நீங்கள் சொல்லும் மதுரைக் கல்லூரி அந்த வகையா என்று விசாரிப்பது வீண் போகாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கவுன்சிலின் விதிப்படி பி.எஸ்சி. நடத்தும் நிறுவனத்துக்குக் குறைந்தது 100 படுக்கை கொண்ட சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பது பயிற்சிக்கான விகிதம். பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர். அதாவது ஆண்டுக்கு 60 பேரைச் சேர்க்கும் கல்லூரியில் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 240 பேர், அவர்களுக்கு 24 ஆசிரியர்கள். இதெல்லாம் காகிதத்தில் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கும். ஏனென்றால் இல்லாவிட்டால் அனுமதியே கிடைக்காது.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆய்வுக்குழு வரும் நாளில் காலை ஆறு மணிக்கே இரண்டு வேன்கள் சுற்றுக் கிராமங்களுக்குப் போகும். இலவச முகாம், மதியச் சாப்பாடு என்று சொல்லி நூறு பேரை அழைத்து வருவார்கள். நல்ல உடம்போடு வந்த பாட்டிமார்கள் பச்சைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் படுத்திருப்பார்கள்; தலைமாட்டில் நாங்கள் முந்தைய இரவு விழித்திருந்து எழுதிய கேஸ் ஷீட் தொங்கும். ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, ‘தாயீ, எனக்கு என்ன வியாதின்னு எழுதியிருக்கே?’ என்று கேட்டார். ‘சர்க்கரை’ என்றேன். ‘அப்ப பாயசம் குடுக்க மாட்டீங்களா?’ என்றார். அன்று சிரித்தேன். அடுத்த ஆண்டு அந்த வேலையை விட்டேன்.

ஆகவே நீங்கள் படுக்கைகளை எண்ண வேண்டாம், படுத்திருப்பவர்களை எண்ணுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை காலை பத்து மணிக்கு, கல்லூரிக்குப் போகாமல் நேரே அதன் மருத்துவமனைக்குப் போங்கள். புறநோயாளிகள் சீட்டு வாங்கும் இடத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். உங்கள் உறவினர் யாரையாவது பிரசவத்துக்குச் சேர்க்க வேண்டும் என்று கேளுங்கள், என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். பிறகு மாலையில் பேருந்து நிறுத்தத்தில் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகளிடம் உங்கள் மகளைப் பேச விடுங்கள். நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள், அப்பா நின்றால் பேச மாட்டார்கள். லேபர் வார்டு போஸ்டிங், அதாவது பிரசவ வார்டுப் பயிற்சி, எங்கே, மனநலப் பிரிவுக்கு எந்த ஊருக்கு அனுப்புகிறார்கள், இரவுப் பணி உண்டா, கூட டியூட்டர் வருகிறாரா, ஆண்டின் நடுவில் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள். இந்தக் கேள்விகள் போதும். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஓர் ஆண்டில் மகப்பேறு நர்சிங்குக்கு மூன்று ஆசிரியைகள் மாறிய கல்லூரியில் சம்பளம் ஒழுங்காகப் போடவில்லை என்று பொருள்.

சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. சரிபார்த்தபின் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. சான்றிதழைப் பிடித்துவைக்கும் கல்லூரிகளை உயர் நீதிமன்றமும் கண்டித்திருக்கிறது. கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.


ஓசூர் தாண்டி எழுதுகிறார்:

பெங்களூரில் படித்தவள் என்ற முறையில் மூன்றாவது வழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பெங்களூரு என்றாலே மோசம் என்பது சரியல்ல. ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் மிகச் சிறந்தவையும் உண்டு, வாடகைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நடப்பவையும் உண்டு. சிக்கல் ஊரில் இல்லை, நடுவில் நிற்கும் புரோக்கரிடம் இருக்கிறது. அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் போகிறது. அதிகக் கமிஷன் தருகிற கல்லூரி எதுவோ அதுவே அவருடைய கண்ணுக்கு நல்ல கல்லூரி.

என் அப்பாவிடமும் ‘எல்லாம் உட்பட’ என்றுதான் சொன்னார்கள். சேர்ந்த பிறகு சீருடைக்குத் தனி, தேர்வுக் கட்டணம் தனி, போஸ்டிங் போகும் பேருந்துக்குத் தனி, மனநல மருத்துவமனைப் பயிற்சிக்குத் தனி என்று வந்தது. இரண்டாம் ஆண்டில் விலகிவிடலாம் என்று நினைத்தபோது மீதி இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழ் என்றார்கள். கட்ட முடியாததால் படித்து முடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மொழி இன்னொரு விஷயம். முதல் ஆறு மாதங்கள் நோயாளி ‘நோவு’ என்று சொன்னது புரிந்தது, எங்கே நோவு என்று சொன்னது புரியவில்லை. கன்னடம் பிறகு வந்துவிட்டது. ஆனால் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் ஆண்டு அதில் கரைந்தது. முடித்துவிட்டுத் தமிழ்நாட்டில் வேலை பார்க்க வேண்டுமென்றால் அங்கே பதிவு செய்து, பிறகு அதை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். முடியாத காரியமல்ல, நடையாக நடக்க வேண்டியிருக்கும். ஆகவே அந்த 25,000 ரூபாயைக் கட்டும் முன் கல்லூரியின் பெயரைக் கேட்டு வாங்கி, இந்திய நர்சிங் கவுன்சில் தளத்தில் மாநில வாரியாக இருக்கும் பட்டியலில் அந்தப் பெயரும், இந்த ஆண்டும், இட எண்ணிக்கையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயரையே சொல்லத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.


குளிர்தேசம் எழுதுகிறார்:

நான் இங்கிலாந்தில் மூன்றாவது ஆண்டாக வேலை பார்க்கிறேன். வெளிநாட்டைப் பற்றிக் கேட்டிருந்ததால் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே என்னை வேலைக்கு எடுத்தபோது என் கல்லூரி பெரியதா சிறியதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆங்கிலத் தேர்வு, கணினி வழித் தேர்வு, பிறகு இங்கே வந்து எழுதும் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, இந்த மூன்றும்தான் வாசல். ஆங்கிலத்துக்கு ஓ.இ.டி. என்ற மருத்துவத் துறையினருக்கான தேர்வை எழுதினால் எழுத்துத் திறனில் சி பிளஸ், மற்ற மூன்றிலும் பி வாங்க வேண்டும். அமெரிக்காவுக்கு என்.சி.எல்.இ.எக்ஸ். என்ற செவிலியர் உரிமத் தேர்வு; ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியே பெரிய மலை.

கல்லூரி எங்கே குறுக்கிடுகிறது என்றால், நாடு விட்டு நாடு போகும்போது பாட வாரியாக, வார்டு வாரியாக எத்தனை மணி நேரம் பயிற்சி பெற்றீர்கள் என்ற கணக்கைக் கேட்பார்கள், குறிப்பாக அமெரிக்காவுக்கு. அதை முத்திரையிட்டு அனுப்ப வேண்டியது நீங்கள் படித்த கல்லூரியும் பல்கலைக்கழகமும். பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கும் கல்லூரி மூன்று வாரத்தில் அனுப்பிவிடும். என் அறைத்தோழிக்கு ஐந்து மாதம் ஆனது. அவள் படித்த காலத்து முதல்வரும் எழுத்தரும் போய்விட்டார்கள், பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே பழைய மாணவி ஒருவரைப் பிடித்து, சான்றிதழ் வேலைகளுக்கு அலுவலகம் எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

ஓஸ்கியில் கிருமி படாமல் காயத்துக்குக் கட்டுப் போடும் பகுதி ஒன்று உண்டு. மதுரைப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில், இரண்டாம் ஆண்டில், ஒரு கன்னியாஸ்திரீ ஆசிரியை ஸ்டீல் தட்டில் பஞ்சுருண்டையை வைத்துக்கொண்டு, என் கை ஓரத்தில் பட்டுவிட்டால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மொத்தத் தட்டையும் எடுத்துக்கொண்டு போய் மறுபடி வேகவைக்க வைத்துவிடுவார். நான்கு முறை அப்படி நடந்தது. இங்கே தேர்வறையில் எனக்கு அந்தத் தட்டுதான் நினைவுக்கு வந்தது.


இரவுப்பணி எழுதுகிறார்:

பாடவேளை அம்மா சொன்னது என் மனத்தைத் தைத்தது. என் வார்டிலும் அப்படித்தான் நடக்கிறது என்பதை மறுக்க முடியாது. இருந்தாலும் கட்டண வித்தியாசத்தைப் பாருங்கள். நான்கு ஆண்டுக் கடனோடு வெளியே வருகிற பெண் தனியார் மருத்துவமனைகளில் தரும் ஆரம்பச் சம்பளத்தில் அதை எப்படி அடைப்பாள்? அரசு வேலைக்கும் இப்போது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, நிரந்தரத்துக்குப் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். எய்ம்ஸ் மருத்துவமனைகளில் செவிலியர் வேலைக்கான நார்செட் தேர்வை எழுதலாம்; பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு அதற்கு முன்னனுபவம் கேட்பதில்லை, டிப்ளமோ என்றால் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். ஆகவே அரசு இடம் கிடைத்தால் முதல் இடம் அதற்கே என்ற என் கருத்தில் மாற்றமில்லை. கிடைக்காவிட்டால் அம்மா சொன்ன வழியில் போங்கள்.

பைபாஸ் கல்லூரியை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். சில சுயநிதிக் கல்லூரிகள் அரசு மருத்துவமனைக்குக் கட்டணம் கட்டி மாணவிகளைப் பயிற்சிக்கு அனுப்புகின்றன. அனுமதிக் கடிதம் எந்த மருத்துவமனைக்கு, எத்தனை பேருக்கு, எந்த ஆண்டு வரை என்று கேட்டுப் பாருங்கள். அது ஒழுங்காக இருந்தால் அந்தக் கல்லூரியும் தேறும்.


சின்னாளபட்டியான் எழுதுகிறார்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பன்னிரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன். சொன்னபடியே செய்தோம்.

பைபாஸ் மருத்துவமனைக்குப் புதன்கிழமை காலை பத்தே காலுக்குப் போனோம். பதினொன்று வரை உட்கார்ந்திருந்ததில் ஒன்பது பேர் சீட்டு வாங்கினார்கள்; அதில் இருவர் அங்கேயே வேலை பார்ப்பவர்கள். முதல் மாடியில் ஒரு வார்டின் கதவு திறந்திருந்தது. மெத்தைகள் மேல் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. கட்டிலுக்குக் கட்டில் எண் ஒட்டியிருந்தார்கள், ஆளில்லை. வராந்தா பெஞ்சில் ஆறு மாணவிகள் உட்கார்ந்து ஒரே நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மாலையில் பேருந்து நிறுத்தத்தில் என் மகள் ஒரு நான்காம் ஆண்டு மாணவியிடம் எத்தனை பிரசவம் பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, ‘எழுதுனது பதினெட்டு, பார்த்தது மூணு’ என்றாளாம். அரசு மருத்துவமனை ஒப்பந்தம் பற்றி அலுவலகத்தில் கேட்டேன். புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறோம் என்றார்கள். வீடு திரும்பும் வழியில் என் மனைவியே பேச்சை எடுக்கவில்லை.

மதுரைக்கு அடுத்த வாரம் போனோம். காலை ஒன்பதரைக்கே உட்கார இடமில்லை. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது, கழிப்பறை சுமார்தான், விடுதிச் சாப்பாடு நன்றாக இல்லை என்று மாணவிகளே சொன்னார்கள். ஆனால் பிரசவப் பிரிவில் இரண்டு மாணவிகள் ஒரு தாயின் முதுகை நீவிக்கொண்டிருந்ததையும், வயதான ஓர் ஆசிரியை பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததையும் கதவிடுக்கில் பார்த்தேன். கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் கலந்தாய்வில் இருக்கின்றன என்று அவர்களே சொன்னார்கள்; அங்கே வாருங்கள், பணம் மிச்சம் என்றார்கள். பெங்களூருக்காரர் கல்லூரியின் பெயரைக் கடைசி வரை சொல்லவில்லை.

எனவே விருப்பப் பட்டியலில் முதலில் அரசுக் கல்லூரிகளை, மதுரையும் தேனியும் மேலே வருமாறு அடுக்கி, அதற்குப் பிறகு இந்த மதுரைக் கல்லூரியை வைக்கிறோம். சென்னை வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள், மகள் அதையும் சேர்த்துவிட்டாள். ஒரு சிறு சந்தேகம். மதுரைக் கல்லூரியில் தந்த பொருள் பட்டியலில் ஸ்டெதஸ்கோப்பு முதல் தைராய்டு மாடல் வரை 22 பொருட்கள் இருக்கின்றன. இவற்றை இப்போதே வாங்க வேண்டுமா?


இரவுப்பணி எழுதுகிறார்:

வேண்டாம் ஐயா. இடம் உறுதியானபின் சீனியர் மாணவிகளிடமே பாதி விலைக்குக் கிடைக்கும். இப்போது இரண்டே இரண்டு காரியங்கள் செய்யுங்கள். விநாடி முள் ஓடுகிற கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள், நாடித் துடிப்பு எண்ணுவதற்கு. எண்கள் மட்டும் மின்னுகிற வகை வேண்டாம். இரண்டாவது, மஞ்சள் காமாலை பி-க்கான தடுப்பூசி. சிறு வயதில் போட்டதற்கு அட்டை இல்லையென்றால் இந்த வாரமே மருத்துவரைப் பார்த்துத் தொடங்கிவிடுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. வார்டுக்குள் கால் வைப்பதற்கு முன் குறைந்தது இரண்டாவது முடிந்திருக்கட்டும். தேதிகளை எழுதிய அட்டையைப் பத்திரமாக வையுங்கள், அதைக் கல்லூரியிலும் கேட்பார்கள்.